நன்றியைக் காணவில்லை

அன்புள்ள தங்கைக்கு,

உன் அண்ணன் எழுதுவது. முழங்கால் ஆறி, மகள் வீட்டு மாடிப்படி ஏறி இறங்கும் அளவுக்கு நீ தேறியிருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே அனைவரும் நலம் என்றுதான் முதலில் எழுதினேன். பிறகு ‘அனைவரும்’ என்பதை அடித்துவிட்டு ‘நானும் உன் அண்ணியும்’ என்று திருத்தினேன். முப்பத்தோரு வருடம் அச்சகத்தில் பிழை திருத்தியவன் தெரிந்தே ஒரு பிழையை விடக்கூடாது. விஷயம் இதுதான்: நீ என்னிடம் விட்டுவிட்டுப் போன நன்றியைக் காணவில்லை. இன்றோடு ஒன்பது நாள்.

நீ மூன்று தடவை போன் செய்து, “நன்றி எப்படி இருக்கான் அண்ணா?” என்று கேட்டாய். மூன்று தடவையும், “சாப்பிட்டுட்டுத் தூங்குறான்மா” என்றேன். காலை பதினோரு மணிக்கும் அதே பதில், மாலை ஆறு மணிக்கும் அதே பதில். எந்த நாய்தான் இவ்வளவு தூங்கும் என்று உனக்கே சந்தேகம் வந்திருக்கும். போனில் பொய் வருகிறது, உண்மை வரமாட்டேன் என்கிறது. அதனால்தான் கடிதம்.

அன்றைக்குக் கேஸ் சிலிண்டர்காரர் வந்தார். காலி சிலிண்டரை உருட்டிக்கொண்டு அவர் வெளியே போகும்போது, கேட்டை நான் மூடுவேன் என்று அவர் போய்விட்டார், அவர் மூடுவார் என்று நான் உள்ளே வந்துவிட்டேன். கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் கேட் ஆவென்று திறந்து கிடக்கிறது, நன்றியின் தட்டு மட்டும் இருக்கிறது. உன் அண்ணி சும்மா இருப்பாளா? “ஒரு கேட்டைப் பாத்து மூடத் தெரியல, இவரு முப்பது வருஷம் ஒற்றுப்பிழை பாத்தாராம்” என்றாள்.

எங்கள் பகுதியில் தொலைந்த நாய்களைத் தேடிக் கொடுக்க ஒரு குழு இருக்கிறது. சம்பளம் கிடையாது, ஆர்வம் மட்டும்தான். தலைவி, தெருமுனைத் தையல்காரம்மா. கழுத்தில் அளவு டேப்போடு வந்து, “உயரம் எவ்வளவு சார்?” என்றார். முழங்கால் வரை என்றேன். “உங்க முழங்காலா, என் முழங்காலா?” என்று கேட்டு, என் காலை அளந்து எழுதிக்கொண்டுதான் ஓய்ந்தார். பிறகு அவரே அறிவிப்பும் எழுதினார்: ‘நன்றி என்கிற கறுப்பு நாயைக் காணவில்லை. கண்டவர்கள் தெரிவிக்கவும்.’ கீழே என் போன் நம்பர். நல்ல வாசகம். அதை அப்படியே விட்டிருக்கலாம். “நீங்க ஒரு தடவை பாத்துடுங்க சார்” என்று என்னிடம் நீட்டினார், சனி பிடித்தது.

அவனை ஒப்படைத்த அன்று நீ என்ன சொன்னாய்? “அண்ணா, அவனை நாய்னு மட்டும் சொல்லாதீங்க, அவனுக்குப் புரியும்.” அது ஞாபகம் வந்து ‘நாய்’ என்பதை அடித்தேன். நாய் போனதும் ‘என்கிற கறுப்பு’ அந்தரத்தில் தொங்கியது, அதையும் அடித்தேன். மிச்சம்: ‘நன்றியைக் காணவில்லை. கண்டவர்கள் தெரிவிக்கவும்.’ ஒற்று ஒன்றுகூட விடவில்லை. “நீங்க பாத்தா சரியாத்தான் இருக்கும்” என்று தையல்காரம்மா படிக்காமலே வாங்கிக்கொண்டார். படம் போடவில்லையா என்கிறாயா? போட்டோம். கறுப்பு நாயை நகலெடுத்தால் கறுப்புக் கட்டம்தான் வரும். இருநூறு பிரதி அன்றைக்கே ஒட்டியாகிவிட்டது.

முதல் போன் ஒரு பெரியவரிடமிருந்து. “நூத்துக்கு நூறு உண்மை சார். மூணு பசங்களப் படிக்க வெச்சேன். எங்க வீட்டுலயும் அதக் காணல” என்று இருபது நிமிடம் அழுதார். இன்னொருவர், “இது எந்தக் கட்சி சார்?” என்றார். பேருந்து நிறுத்தத்தில் ஒட்டியிருந்ததன் கீழே யாரோ பேனாவால், ‘எங்கள் மேனேஜரிடமும் இல்லை’ என்று எழுதியிருந்தார்கள். குழுவினரோடு தெருத்தெருவாக “நன்றி, நன்றி” என்று கூவிக்கொண்டு போனால், வாசலில் துணி உலர்த்தியவர், “எதுக்கு சார் நன்றி, நாங்க உங்களுக்கு ஓட்டே போடலையே” என்றார். சிரிக்காதே. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

குழுவைக் குறை சொல்ல முடியாது. ஒன்பது நாளில் நான்கு கறுப்பு நாய்களைக் கொண்டுவந்தார்கள். அதில் ஒன்று தொலையவே இல்லை. அதன் சொந்தக் கடை வாசலிலிருந்தே தூக்கி வந்திருந்தார்கள். டயர் கடைக்காரர் சண்டைக்கு வந்துவிட்டார். மற்ற மூன்றும் உண்மையிலேயே தொலைந்தவை. உரியவர்கள் நம் வீட்டு முன்னறையில் அவற்றைக் கட்டிக்கொண்டு அழுதார்கள், உன் அண்ணி டீ போட்டுக் கொடுத்தாள், நான் ஓரமாக நின்றேன். ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்களே, அதுபோல நம்மவனும் வந்துவிடுவான் என்று சமாதானம் சொன்னாள். வரவில்லை.

உன் வீட்டுக்காரர் போன பிறகு ஆறு வருடம் அந்த வீட்டில் உனக்குத் துணை அவன்தான். மகள் குடியிருப்பில் நாய்க்கு அனுமதி இல்லை, இனி அங்கேதான் இருக்கப்போகிறேன் என்று வீட்டைப் பூட்டி, சாவியையும் அவனையும் என்னிடம் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் காரில் ஏறினாய். நீ என்னிடம் கேட்டது அந்த ஒன்றுதான். அதைக்கூடக் காப்பாற்றத் தெரியாதவன் என்ன அண்ணன்? நேற்று அவன் தட்டைக் கழுவும்போது அழுதுவிட்டேன். உன் அண்ணி பார்த்துவிட்டு, தட்டை வாங்கி அவளே கழுவி வைத்தாள். அவள் திட்டாததுதான் இன்னும் பயமாக இருக்கிறது.

நீ பதறிக் கிளம்பி வராதே. இந்தக் காலோடு வந்து செய்யப்போவது எதுவுமில்லை. மகளுக்கும் மருமகனுக்கும் எங்கள் ஆசிகள். மாத்திரையை நேரத்துக்குப் போடு. கடிதத்தின் கடைசியில் வழக்கமாக எழுதும் அந்த ஒரு சொல்லை இந்த முறை எழுதக் கை வரவில்லை.

உன் அண்ணன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது உன் எதிர்வீட்டு எலெக்ட்ரீஷியனின் போன். தையல்காரம்மா என்னிடம் சொல்லாமலே ‘நாய்’ என்பதைச் சேர்த்து, வண்ணப் படத்தோடு, ஊரின் அந்தக் கோடியில் உன் தெரு வரை புதிதாக ஒட்டவைத்திருக்கிறார். “என்ன சார், காணோம்னு போட்டிருக்கீங்க? எட்டு நாளா உங்க தங்கச்சி வீட்டு வாசல்லதானே படுத்திருக்கான். நாங்கதான் சோறு வைக்கிறோம். நீங்கதான் கொண்டாந்து விட்டீங்கன்னு நினைச்சோம்” என்றார். இங்கே காரில் வந்தவனுக்கு வழி எங்கே தெரியும் என்று நான் அந்தப் பக்கமே போகவில்லை. ஓடினோம். மெலிந்திருக்கிறான், மற்றபடி ஒன்றுமில்லை. என்னைப் பார்த்து ஒரு தடவை வாலாட்டினான், எழுந்து வரவில்லை. கதவைத் திறந்துவிட்டேன். ஒவ்வோர் அறையாகப் போய்ப் பார்த்துவிட்டு, மறுபடி வாசலுக்கே வந்து படுத்துக்கொண்டான். எவ்வளவு கூப்பிட்டும் எங்களோடு வரமாட்டேன் என்கிறான். நீ இனி வரமாட்டாய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. “நாளைக்கு வந்துடுவாடா” என்று சொல்லிவிட்டேன். காதை நிமிர்த்திக் கேட்டான். கிளம்பி வா.