நடமாடும் கம்ப்யூட்டர்

பாடம் தொடங்கியதுமே கரண்ட் போனது. கம்ப்யூட்டர் திரைகள் எல்லாம் ஒரே நேரத்தில் கறுத்தன.

கணக்கு வாத்தியார் திரும்பிப் பார்த்தார். கடைசி பெஞ்சில், பாடத்தைப் பார்வையிட வந்த கல்வித்துறை மேலிடத்து அம்மையார் உட்கார்ந்திருந்தார். புரோகிராம் எழுதிக் கணக்குப் படிக்கும் புது முறை இங்கே எடுபடவில்லை என்று அவர் சொல்லிவிட்டால், இந்த வகுப்பு வேறு ஆளுக்குப் போய்விடும். பிள்ளைகள் வாலில்லாத வானரங்கள்தான், ஆனாலும் விட்டுக்கொடுக்க வாத்தியாருக்கு மனசில்லை.

"பரவால்ல, நான்தான் கம்ப்யூட்டர்!" என்றார். "சமபக்க முக்கோணம் போடணும். நீங்க சொல்றபடி நடப்பேன். சொந்த புத்தி கிடையாது, வாயும் திறக்க மாட்டேன். தப்பு இருந்தா நீங்கதான் கண்டுபிடிக்கணும்."

நுணலும் தன் வாயால் கெடும்.

"முக்கோணத்துக்குக் கோணம் அறுபது. அதனால அஞ்சு அடி நடங்க, அறுபது டிகிரி வலப்பக்கம் திரும்புங்க. மூணு தடவை!" என்றான் வகுப்புத் தலைவன்.

நடந்தார். திரும்பினார். முடித்தபோது ஜன்னலோரம் அநாதையாக நின்றார். தப்பு அவருக்குப் புரிந்துவிட்டது. அறுபது உள்கோணம், திரும்ப வேண்டியது வெளிக்கோணம். ஆனால் சொல்ல முடியாதே!

பிள்ளைகள் தலையோடு தலை சேர்த்துக் குசுகுசுவென்று பேசினார்கள்.

"புறப்பட்ட இடம் வர்ற வரைக்கும் நிறுத்தாதீங்க சார்!"

மேசையைத் தாண்டி, குப்பைத் தொட்டியை உதைத்து, ஒரு வழியாகப் புறப்பட்ட இடத்துக்கு வந்து சேர்ந்தார். வந்தது அறுகோணம். அம்மையார் ஏதோ எழுதினார். 'தொலைஞ்சேன்' என்று நினைத்துக்கொண்டார் வாத்தியார்.

"அடி பத்தல சார். கதவைப் பாத்து நின்னு, இருபது அடி போங்க!"

கம்ப்யூட்டர் வகுப்பை விட்டே வெளியேறியது. வராந்தாவில் தலைமையாசிரியர் எதிரே வந்தார்.

"என்னய்யா கூத்து இது?"

வாய் திறக்கக் கூடாது என்பதால் வாத்தியார் கையால் நகரச் சொன்னார். தலைமையாசிரியர் நகரவில்லை. வாத்தியாருக்கு இன்னும் நாலு அடி பாக்கி இருந்தது. முட்டினார்.

காதுவரை சிவந்த தலைமையாசிரியர் அவரை வகுப்புக்குள் இழுத்து வந்தார். "மேடம், மன்னிச்சிடுங்க. நாளைக்கே ஆள மாத்திடறேன்."

வாத்தியார் பிள்ளைகளைப் பார்த்தார். இத்தனை நடந்தும் ஒரு பிள்ளைக்குக்கூடப் புரியவில்லையே! தன் பாடம் அவ்வளவு மோசமா?

அம்மையார் எழுந்தார். "தப்பு எங்கன்னு யாருக்காவது தெரியுமா?"

 வருஷம் பூராவும் வாய் திறக்காத ஒரு சிறுமி மெல்ல எழுந்தாள்.

"நூத்தி இருபது திரும்பணும்னு சார் ஜன்னல் கிட்ட நின்னப்பவே எல்லாரும் கண்டுபிடிச்சிட்டோம் மேடம். சொல்லிட்டா சார் நடக்கறத நிறுத்திடுவாரேன்னுதான்..."