கடல் தாண்டின புரட்டாசி

எங்க வீட்டுக்காரர் பாஸ்போர்ட் எடுத்ததே இறாலுக்காகத்தான்.

புரட்டாசி பிறந்தா எங்க வீட்டில் கவிச்சி கிடையாது. சனிக்கிழமை பெருமாளுக்குத் தளிகை. மத்த நாளெல்லாம் சாம்பார், ரசம், மோர். கல்யாணமான நாளிலிருந்து இதுதான். அந்த மாசம் முழுக்க அவர் முகம் வேகாத பருப்பு மாதிரியே இருக்கும்.

இந்த வருஷம் ஆவணியிலேயே ஒரு நாள், பஜார்ல இருக்கிற எங்க துணிக்கடையைச் சீக்கிரமே சாத்திட்டு ஓடி வந்தார்.

"சந்திரா! தாய்லாந்து போறோம்!"

எனக்குத் தலைகால் புரியலை. திருப்பதி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போறதுதான் எனக்கு வெளிநாட்டுப் பயணம்!

தாய்லாந்தில் எங்களுக்கு யார்னு கேட்பீங்க. மாலி இருக்கா. எங்க பொண்ணு தேவிப்பிரியாவோட சென்னையில் ஒண்ணா படிச்ச பொண்ணு. லீவு விட்டா திருத்தணியில் எங்க வீட்டில்தான் இருப்பா. எங்க பேச்சைக் கேட்டுக் கேட்டே தமிழ் கத்துக்கிட்டா. ஊருக்குப் போனதிலிருந்து, "அம்மா, எங்க வீட்டுக்கு வந்து தங்குங்க"ன்னு ஒரே போன். தெற்குத் தாய்லாந்தில் திராங்னு ஒரு ஊர், கடலுக்குப் பக்கம்.

"எப்பங்க போறோம்?"

"புரட்டாசியில."

"புரட்டாசியிலயா?"

"ஆங்! புரட்டாசி தமிழ் மாசம்டி. நாம விமானம் ஏறினா அது கீழேயே நின்னுடும். அவங்களுக்கு அது வெறும் அக்டோபர்."

"அங்க பெருமாள் பார்க்க மாட்டாரா?"

"அவர் பாற்கடல்ல தூங்கிகினு இருக்கார். அந்தமான் கடல் பக்கம் அவருக்கு இன்னா வேலை?"

அந்தமான் கடல்னு சொல்லும்போதே நாக்கு உதட்டைத் தடவுச்சு. எனக்குப் புரிஞ்சு போச்சு.

பொண்ணு முழுகாம இருக்கா. சுகப்பிரசவம் ஆகணும், இந்தப் புரட்டாசி குடும்பமே சுத்தமா இருக்கும்னு சாமிகிட்ட சொல்லி வச்சிருந்தேன். குடும்பம்னா அவரும்தானே? இந்த மனுஷன் ஒரு இறாலில் அத்தனையையும் கவுத்துடுவாரே!

சண்டை போடலை. "தேதி மட்டும் நான் பார்க்கறேங்க"ன்னேன்.

"நல்ல நாள் பார்க்கறியா? தாராளமா பாரு."

மாலிக்குப் போன் போட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டேன். அவ பதில் சொன்னா. நேரா சாமி ரூமுக்குப் போய்க் கற்பூரம் ஏத்தினேன். என்ன கேட்டேன்னு அவர் கேட்கலை. நானும் சொல்லலை.

விமானம் கிளம்பினதும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு. முருகா! மேகத்தை மேலேயிருந்து பார்க்கிற பாக்கியம் எனக்கா! கன்னத்தில் போட்டுக்கிட்டேன். அவர் மேகத்தைப் பார்க்கலை. போன்ல சுட்ட இறால் படமா பார்த்துகினு வந்தார்.

திராங்கில் தவளை மூஞ்சி மாதிரி முன்பக்கம் வச்ச ஆட்டோவில் மாலியும் அவங்கம்மாவும் வந்தாங்க. ரெண்டு பேரும் வெள்ளை உடுப்பு. வழியெல்லாம் கடைக்குக் கடை மஞ்சக் கொடி.

"இன்னா மாலி, உங்க ஊர்ல எலெக்‌ஷனா?"

"இல்லப்பா, திருவிழா! ஒன்பது நாள். வெள்ளை டிரெஸ் போட்டு சாமி கும்பிடுவோம். கறி இல்ல, மீன் இல்ல, முட்டை இல்ல."

அவர் குரல் இறங்கிப் போச்சு. "வெங்காயம்?"

"வெங்காயம், பூண்டு கூட இல்லப்பா!"

எங்க புரட்டாசியிலாவது வெங்காயம் உண்டு. அவர் மெதுவா என் பக்கம் திரும்பினார். தேதி பார்த்தவ நான்தானே! நான் கொடியைப் பார்த்துகினு வந்தேன்.

மறுநாள் கடலுக்குக் கூட்டிப் போனாங்க. ஐயோ, அந்தத் தண்ணி! நம்ம கடையில் மயில் கழுத்துக் கலர்னு சேலை எடுத்துப் போடுவோமே, அந்தக் கலரைக் கரைச்சு ஊத்தின மாதிரி! மாலியோட அம்மா என் கையைப் பிடிச்சுகினு அலையில் குதிச்சாங்க. பாஷை தெரியாமலே ரெண்டு பேரும் சின்னப் புள்ளைங்க மாதிரி சிரிச்சோம். அவர் மட்டும் மீன் படகுகளைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுகினு நின்னார்.

அதுக்கடுத்த நாள் காலையில், "காலாற நடந்துட்டு வரேன்"னு கிளம்பினார். கொஞ்ச நேரத்தில் தெருவில் திருவிழா சாமியாடிங்க ஊர்வலம், ஒரே மேளம், பட்டாசு. அந்தச் சத்தத்துக்கு நடுவில் ஓடி வந்தார். உதட்டில் எண்ணெய். முகத்தில் ரத்தமே இல்லை.

"சந்திரா! முருகன் வந்துட்டார்டி!"

"எங்கங்க?"

"தெருக் கோடியில! நான் ஒரு பாவம் பண்ணிட்டேன். அங்க ஒரு கடையில இறால் இருந்துது. ரெண்டு தட்டு தின்னுட்டேன். திரும்பிப் பார்த்தா ஒருத்தர் கன்னத்துல வேல் குத்திகினு வரார்! நம்ம ஆடிக் கிருத்திகையில அலகு குத்திகினு மலை ஏறுவாங்களே, அதே மாதிரி! கூட்டத்துல அத்தனை பேரை விட்டுட்டு நேரா என்கிட்ட வந்து, என் கையில ஒரு மிட்டாய் வச்சார்டி! திருத்தணியிலேர்ந்து என்னைத் தேடிகினே வந்துட்டார்!"

திருத்தணி எந்தத் திசைன்னு தெரியாம நாலு பக்கமும் கும்பிட்டார். "முருகா, மன்னிச்சுக்கோ! மொட்டை போடறேன். தைக் கிருத்திகை வரைக்கும் கவிச்சி தொட மாட்டேன்!"

கையோட கொண்டு போயிருந்த விபூதியை எடுத்து நெத்தி நிறையப் பூசிவிட்டேன்.

அப்போ மாலி ஒரு தட்டோட உள்ளே வந்தா. "அப்பா, கடைக்கார அக்கா சொன்னாங்க, இறால் ரெண்டு தட்டு சாப்ட்டீங்களாமே! இந்தாங்க, வீட்டுலயும் செஞ்சோம். கிழங்கு மாவுதான். திருவிழாவுக்கு இப்படித்தான் செய்வோம்."

"கிழங்கா?"

"ஆமாப்பா. மேல கோடு மட்டும் கலர்."

அவர் முகம் பளிச்சுன்னு மலர்ந்துது. "அப்போ பாவமே இல்ல! வேண்டுதல் கேன்சல்!"

"கேன்சல் பண்ண நான் யாருங்க? மலை மேல இருக்கறவரைக் கேளுங்க."

அவருக்குச் சந்தேகம் வந்துடுச்சு. "அது கிழங்குன்னு உனக்கு எப்ப தெரியும்?"

"வந்த அன்னிக்கே. மார்க்கெட்டில் மாலி காட்டினா."

"அப்ப ஏன்டி என்கிட்ட சொல்லல?"

"இறால் சாப்பிடப் போறேன்னு நீங்க சொன்னீங்களா?"

திருவிழா முடிஞ்சு நாங்க கிளம்பும்போது மாலியோட அம்மா கண் கலங்கினாங்க. அந்தமான் கடல் இறால், அசல் இறால், காயவச்சது, ஒரு பை நிறைய அவர் கையில் கொடுத்தாங்க. திருத்தணி வரைக்கும் அதைக் குழந்தை மாதிரி மடியில் வச்சுகினு வந்தார். வந்ததும் மலை ஏறி மொட்டை போட்டார்.

தீபாவளிக்குப் பொண்ணும் மாப்பிள்ளையும் வந்தாங்க. அந்த இறாலில் தொக்கு வச்சேன். தயிர் சாதம் பிசைஞ்சுகினு இருந்த மொட்டைத் தலையை நிமிர்ந்து பார்த்து, விரலைச் சப்பிகினே மாப்பிள்ளை சொன்னார்:

"மாமா, அடுத்த தடவை போறப்ப ரெண்டு பையா எடுத்துகினு வந்துடுங்க."