ஏழு கல் தோடும் என் கெமிஸ்ட்ரியும்

என் அறுபதாம் கல்யாணத்துக்கு மனைவி கமலினிக்கு ஏழு கல் வைரத்தோடு வாங்கித் தருவதாகச் சொந்தபந்தங்கள் எதிரில் வாக்குக் கொடுத்துவிட்டேன். பந்தியில் எனக்குத் திருக்கண்ணமுதை, அதாவது பாயசத்தை, இரண்டாம் முறை பரிமாறிய சந்தோஷத்தில் வந்த வாக்கு அது. வந்துவிட்ட பிறகு விழுங்க முடியவில்லை.

ஆனால் நான் பயப்படவில்லை. ரிட்டயர் ஆகும்வரை திருச்சியில் கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கெமிஸ்ட்ரி நடத்தியவன். வைரம் என்பது என்ன? கார்பன். அடுப்புக்கரியின் பணக்கார அண்ணன். இந்த மதுசூதனை ஏமாற்ற ஒரு கல் இனிமேல்தான் பிறக்கவேண்டும் என்ற திடத்தோடு ஸ்ரீரங்கத்தில் ஒண்ணாம் நம்பர் பஸ் ஏறினேன். கமலினி கூட வருகிறேன் என்றாள். சர்ப்ரைஸ் என்று சொல்லித் தவிர்த்துவிட்டேன்.

பெரிய கடைவீதி நகைக்கடையில் அஃப்ஷீன் என்ற பெண் என்னைக் கவனித்துக்கொண்டாள். நான் வாத்தியார் என்று தெரிந்ததும் கறுப்புத் துணியில் மூன்று கற்களை வைத்து, கண்டுபிடியுங்கள் என்றாள். ஒவ்வொன்றின்மேலும் வாயால் ஊதினேன். முதல் கல்லில் படிந்த ஆவி அங்கேயே குடியிருந்தது. மற்ற இரண்டிலும் ஊதிய சுவடே இல்லை.

"இது டூப்ளிகேட். இது ரெண்டும் இயற்கை வைரம்" என்று தீர்ப்பு வழங்கினேன்.

பாதி சரி என்றாள் அவள். முதலாவது அமெரிக்கன் டைமண்ட், பேரில்தான் டைமண்ட். மற்ற இரண்டும் வைரமேதான், ஆனால் ஒன்று பூமியில் விளைந்தது, மற்றது லேபில் வளர்த்தது. ஊதிப் பார்த்தாலும் பூதக்கண்ணாடியில் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது. பெரிய மெஷின் வைத்திருக்கும் இடத்தில்தான் சொல்வார்கள். லேப் வைரத்தைத் திரும்ப விற்கப் போனால் பெரிதாக ஒன்றும் தேறாது, அதையும் யோசித்துக்கொள்ளுங்கள் என்றாள். பில்லிலும் சர்டிபிகேட்டிலும் எது என்று தெளிவாகப் போட்டுத் தருவார்களாம்.

இயற்கை வைரத்தின் விலையைக் கேட்டேன். உட்கார்ந்துவிட்டேன். லேப் வைரத்தின் விலையைக் கேட்டேன். எழுந்து நின்றுவிட்டேன்.

என் அறுபதாம் கல்யாணத்துக்கு மொய்க்கவர் கொண்டுவருவார்கள். மெஷினா கொண்டுவருவார்கள்? லேப் வைரத்திலேயே ஏழு கல் தோட்டை வாங்கினேன். மிச்சமான பணத்தில், திருவானைக்காவல் தாண்டுவதற்குள், மனசுக்குள் ஒரு புதுக் காரும் வாங்கிவிட்டேன். சாம்பல் நிறம். வீட்டுக்கு வந்ததும் கார் கம்பெனிக்குப் போன் செய்து சொல்லியும் வைத்தேன்.

பொய் சொல்வதில்லை என்பது என் கொள்கை. அதனால் கமலினியின் கேள்விகளுக்கு உண்மையை மட்டுமே சொன்னேன்.

"ஏன்னா, வைரம்தானே?"

"சத்தியமா வைரம்."

"இயற்கையா?"

"இயற்கையில என்ன கார்பன் இருக்கோ, அதே கார்பன்."

சர்டிபிகேட் எங்கே என்றாள். வரும் என்றேன். அதுவும் பொய்யில்லை, என் பேன்ட் பாக்கெட்டிலிருந்து என்றைக்காவது வெளியே வந்துதானே ஆகவேண்டும்?

அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. ஆனால் நானாகவே அவளுக்கு ஒரு பாடம் நடத்த ஆசைப்பட்டேன். வைரத்தைச் சோதிக்கும் பேனா ஒன்றை ஆன்லைனில் வரவழைத்தேன். அவளை எதிரில் உட்காரவைத்து, ஒவ்வொரு கல்லாகத் தொட்டுக் காட்டினேன். ஒவ்வொன்றும் பீப் என்றது. கடைசிக் கல் கொஞ்சம் அதிகமாகவே கத்தியது போலிருந்தது.

கமலினி தோட்டைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "இது வைரமான்னுதானே சொல்றது? எங்க பொறந்ததுன்னு சொல்லலையே."

"எங்க பொறந்தா என்ன கமலி? கார்பன் கார்பன்தான்."

"உங்க குலம் கோத்திரம், நீங்க எங்க பொறந்தேள்னு எல்லாம் விசாரிச்சுட்டுத்தானே எங்கப்பா என்னைக் கொடுத்தார்? கார்பன்னு பார்த்தா கொடுத்தார்?"

கெமிஸ்ட்ரி பாடத்தை அத்துடன் முடித்துப் பேனாவை டப்பாவில் போட்டேன். எனக்கு அவள்மேல் சந்தேகம் எதுவும் வரவில்லை. பெண்களுக்கே உரிய ஆர்வம் என்று நினைத்து உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

மறுநாள் காபியோடு ஒரு செய்தியும் கொடுத்தாள். தில்லைநகரில் பெரிய மெஷின் வைத்துச் சோதித்துச் சொல்கிறார்களாம். வியாழக்கிழமை போகலாமாம். என்மேல் நம்பிக்கை இல்லையா என்று கேட்டேன். நம்பிக்கை நிறைய இருக்கிறது, கல்யாணத்தில் உங்கள் தங்கை கேட்டால் சொல்ல ஒரு பேப்பர் வேண்டும், அவ்வளவுதான் என்றாள். என் தங்கை கேட்பாள். கூட்டத்தின் நடுவில், மைக் இருந்தால் மைக்கிலேயே கேட்பாள்.

காபி ஆறிப்போயிற்று.

தோட்டின் திருகு லூசாக இருக்கிறது, கடையில் காட்டி வருகிறேன் என்றேன். ஒரு கேள்வி கேட்காமல் டப்பாவோடு எடுத்துக் கொடுத்தாள். கமலினி ஒரு கேள்விகூடக் கேட்காத அந்த நிமிஷத்திலாவது நான் உஷாராகியிருக்கவேண்டும்.

அஃப்ஷீனிடம் அதே டிசைனில் இயற்கை வைரம் இருந்தது. வாங்கிப் பத்து நாள்கூட ஆகாததாலும், பதிலுக்கு இயற்கை வைரம் வாங்குவதாலும் பழையதை முழு விலைக்கே எடுத்துக்கொண்டு, மீதியை என்னிடம் வாங்கிக்கொண்டாள். மீதி என்பது ரொம்ப அடக்கமான வார்த்தை. பஸ் ஸ்டாண்டிலிருந்து கார் கம்பெனிக்குப் போன் செய்து, சாம்பல் நிறம் எனக்குப் பிடிக்கவில்லை என்று சொன்னேன். வேறு நிறம் இருக்கிறது என்றார்கள். எந்த நிறமும் பிடிக்கவில்லை என்றேன். காவிரிப் பாலத்தில் எங்கள் பஸ்ஸை முந்திக்கொண்டு போன ஒவ்வொரு காரும் என்னைப் பார்த்து ஹாரன் அடித்தது.

ஆனாலும் வியாழக்கிழமை காலை தலைநிமிர்ந்தே எழுந்தேன். இப்போது என்னிடம் அசல் இருக்கிறது. எந்த மெஷின் வேண்டுமானாலும் வரட்டும். சட்டை மாட்டிக்கொண்டு, புது சர்டிபிகேட்டை அவள் முன்னால் பிரித்துவைத்து, கிளம்பலாமா என்றேன்.

கமலினி அந்தப் பேப்பரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கண்ணாடி முன் நின்று நிதானமாகத் தோட்டைப் போட்டுக்கொண்டாள். அழகாகத்தான் இருந்தது. வேண்டாம், எதற்கு வெயிலில் அலையவேண்டும் என்றாள்.

"மெஷின்ல பார்க்கணும்னியே?"

"அப்படி ஒரு இடம் இருக்கான்னு நான் விசாரிக்கவே இல்லையே."

கட்டிலில் உட்கார்ந்தேன். முதலில் வாங்கி வந்தது லேப் வைரம் என்று உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"அன்னிக்குக் கடையிலேர்ந்து பாடிண்டே வந்தேள். சாத்தமுது சாதத்தை மூணு தடவை கேட்டு வாங்கிண்டேள். நிஜமாவே அவ்வளவு பணத்தைக் கொட்டிட்டு வந்தவர் பாடுவாரா?"

"சரி, இது இயற்கைன்னு மட்டும் எப்படி நம்பறே? பேப்பரைக்கூடப் பார்க்கலையே."

கமலினி தோட்டின் திருகை மெதுவாக இறுக்கியபடி, கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள்.

"ரெண்டாம் தடவை கடைக்குப் போயிட்டு வந்ததிலேர்ந்து உங்களுக்கு ஒரு வாய் சாதம் இறங்கலையே."