பொலிவியாவுக்குப் பொறுப்பானவர்கள்

எங்கடை தமிழ்ச் சங்கத்துக்கு ஒரு அறை வேணும். விசயம் அவ்வளவுதான். புனிதமலர் ரீச்சர் பலெர்மோவிலை அல்பெர்கேரியாப் பக்கம் தன்ரை குசினிக்குள்ளை பிள்ளையளை இருத்தித் தமிழ் படிப்பிக்கிறா. சோறு பொங்கினா வகுப்பு முடிஞ்சுது. பிள்ளையளோ தாய் தேப்பனோடை சிசிலியன் கதைக்குதுகள். இப்பிடியே விட்டா, பெத்த பிள்ளையோடை கதைக்க மொழிபெயர்ப்பாளர் பிடிக்கவேண்டி வரும். அதாலை சங்கத் தலைவராகிய அல்பேட், அதாவது நான், வேலை செய்யிற சிஞ்ஞோரா அம்மாவின்ரை வீட்டைக் கூட்டித் துடைச்சுப்போட்டு ஒரு பண்பாட்டுக் கந்தோருக்குப் போனன்.

அங்கை இருந்தவர் ஒரு தொத்தோரே. மருந்து தாற டொக்டர் இல்லை. இந்த ஊரிலை கதிரை கிடைச்ச எல்லாரும் தொத்தோரேதான். அந்த வருசம் பலெர்மோவிலை 'உலக மக்கள் விழா' எண்டு ஒரு மோஸ்தர். எந்தச் சிஞ்ஞோராவைப் பார்த்தாலும் கழுத்திலை ஏதோ ஒரு நாட்டுப் பாசிமணி.

"விழாவில் ஒரு நாட்டைப் பயணிகளுக்கு அறிமுகஞ் செய்யும் சங்கத்துக்கு அறை வழங்கப்படும்," எண்டார் தொத்தோரே. அவரின்ரை இத்தாலியனைத் தமிழாக்கினா அரசாங்க வர்த்தமானி மாதிரித்தான் வருது. நான் என்ன செய்ய?

"அப்ப சிறிலங்காவை நாங்கள் செய்யிறம்."

"இயலாது. அது ஒரு சிஞ்ஞோராவுக்கு ஒதுக்கப்பட்டுள்ளது. அவர் அங்கு விடுமுறை கழித்தவர்."

"நான் அங்கை பிறந்தவன், தொத்தோரே!"

"அதுவே இடையூறு. பிறந்தவர் பக்கம் சாய்வார். பொலிவியா மீதமுள்ளது. தாங்கள் அங்கு சென்றதுண்டா?"

"கனவிலையும் இல்லை."

"மிகச் சிறந்த தகுதி!" எண்டு கைகுடுத்தார்.

ரீச்சர் தலையிலை கைவைச்சா. "உங்களுக்கென்ன விசரே, அண்ணை? பொலிவியா எந்தப் பக்கம் எண்டாவது தெரியுமோ?"

"தெரியாது. அதாலைதானே தந்தவங்கள்."

பிள்ளையளின்ரை புவியியல் புத்தகத்தைப் பாடமாக்கினன். பொலிவியப் பொம்பிளையள் வட்டத் தொப்பி போடுவினமாம். என்ரை சிஞ்ஞோராவின்ரை செத்துப்போன புருசன்ரை தொப்பியை இரவல் வாங்கி, சீலை உடுத்த ரீச்சரின்ரை தலையிலை கவிட்டு, விழா மேடையிலை நிப்பாட்டினன்.

எங்களுக்கு முதல் அந்த விடுமுறைச் சிஞ்ஞோராவின்ரை சிறிலங்கா. யானை, எண்ணெய் மசாஜ், எப்பவும் சிரிக்கிற சனம். அங்கை நடந்த சண்டையைப் பற்றி மூச்சுமில்லை. கேட்டுக்கொண்டிருக்க அந்த நாட்டுக்குப் போகவேணும் போலை எனக்கே ஆசை வந்திட்டுது.

பிறகு நான். "அன்பார்ந்த பயணியே! லா பாஸ் நகரில் இறங்கியதும் ஓடாதீர், மூச்சு முட்டும். தித்திகாகா ஏரியில் நாணற்படகு ஏறுக. லாமா என்னும் பிராணி கோபம் வந்தால் முகத்தில் துப்பும். ஆனால் கந்தோர்க்காரரைப் போல் நாளைக்கு வா என்று ஒருநாளும் சொல்லாது."

உயுனி உப்புவெளிக்கு வந்தோன்ன பாடமாக்கினது எல்லாம் மறந்துபோச்சு. கண்ணுக்கெட்டின தூரம் வெள்ளை, பஸ் யன்னலாலை வாற காத்திலை உதடு கரிக்கும், அதைத் தாண்டினா வீடு கிட்ட எண்டு மனம் துள்ளும் எண்டன். நான் சொன்னது எங்கடை ஊருக்குப் போற வழியிலை இருக்கிற ஆனையிறவு உப்பளம். மேடையிலையே அழுதிட்டன். சனம் எழும்பி நிண்டு கைதட்டிச்சுது.

"பக்கச்சார்பற்ற கண்ணீர்!" எண்டு தொத்தோரே உருகினார்.

அறை கிடைச்சுது. வாசலிலை 'பொலிவியப் பண்பாட்டு நிலையம்' எண்டு பலகை, உள்ளுக்குள்ளை அ, ஆ, இ. தொத்தோரே எட்டிப் பார்க்க வந்தா ரீச்சர் தொப்பியைப் போடுவா. வேறை கரைச்சல் இல்லை.

போன ஞாயிறு ஒரு மனுசி வந்தா. எங்களைப்போலை வீட்டு வேலை செய்யிறவ, தலையிலை வட்டத் தொப்பி.

"நான் பொலிவியா," எண்டா இத்தாலியனிலை. "பலகையைப் பார்த்துச் சந்தோசமாப் போச்சு. எங்கடை பிள்ளையளுக்கு எங்கடை பாசை மறக்குது. வகுப்பு முடிஞ்ச பிறகு இந்த அறையைக் கொஞ்ச நேரம் தருவீங்களோ?"

உண்மையான பொலிவியா உள்ளுக்கை வந்தா எங்கடை அறை போச்சு! தொண்டையைச் செருமினன்.

"அம்மணி, தாங்கள் அந்த நாட்டில் பிறந்தவர். அதுவே இடையூறு. தவிரவும், தங்கள் தொப்பி சற்றுச் சரிந்துள்ளது. பொலிவியாவில் அவ்வாறு அணிவதில்லை."

மனுசி தொப்பியை ஒருக்காத் தொட்டுப் பார்த்துப்போட்டு, படியிறங்கிப் போனா.

ரீச்சர் சோக்கைக் கீழை வைச்சா.

"அலுவல் முடிஞ்சுதோ, தொத்தோரே?" எண்டு என்னைக் கேட்டா.