பல் பதிந்த லென்ஸ்

வாங்கிய பொருளில் ஒரு கீறல்கூட இல்லை என்று சண்டை போட்ட மனிதர், தென்காசி ஜில்லாவிலேயே எங்கள் தேய்மானம் அண்ணாச்சி ஒருவர்தான்.

எங்கள் இன்சூரன்ஸ் ஆபீஸில் அடிபட்ட வண்டிகளுக்கு நஷ்டஈட்டுக் கணக்குப் பார்ப்பவர் அவர். பம்பர் உடைந்து வந்தால், முதல் வேலையாகத் 'தேய்மானம்' என்று பாதியைக் கழித்துவிடுவார். அப்படி ஒட்டிக்கொண்ட பெயர். அதே மனிதர் ஞாயிற்றுக்கிழமையானால் பழைய கேமரா லென்ஸ் தேடி அலைவார். அதுவும் மேலெல்லாம் கீறல் விழுந்ததாகப் பார்த்து.

ஒருமுறை கூரியரில் வந்த லென்ஸ் பளபளவென்று இருந்தது. விற்றவரைப் போனில் பிடித்துவிட்டார்.

"ஏங்க, பழசுன்னு போட்டுட்டு இப்படி ஒரு கீறல்கூட இல்லாம அனுப்பியிருக்கியளே, நியாயமா?"

எதிர்முனையில் போனை வைத்துவிட்டார்கள்.

"அதுல என்ன குறை அண்ணாச்சி?" என்றேன்.

"கீறல் இல்லைன்னா பீரோவுக்குள்ளயே கிடந்திருக்குன்னு அர்த்தம்லே. உள்ளயே கிடந்தா கண்ணாடியில பூஞ்சை வரும். உடம்பு அடிபட்டிருக்கணும், கண்ணு தெளிவா இருக்கணும். அதுதான் நாலு கல்யாணம் பார்த்த லென்ஸு."

பூஞ்சைதான் அவருக்கு ஜன்மப் பகை. சாரல் காலத்து ஈரத்தை உறிஞ்ச, ஷூ டப்பாக்களுக்குள் கிடக்கும் குட்டிப் பொட்டலங்களைச் செருப்புக்கடையில் கேட்டு வாங்குவார். "செருப்பு வேண்டாமா அண்ணாச்சி?" என்று கடைக்காரர் கேட்பார். "செருப்பு கிடக்கு, பொட்டலத்தைத் தாரும்" என்பார், அறுந்த வாரில் ஊக்குக் குத்திய செருப்போடு நின்றுகொண்டு.

போன சாரலில் குற்றாலத்தில் ஒரு வீட்டுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். கல்யாண வீடுகளில் படம் எடுத்துக்கொண்டிருந்தவரின் வீடு அது. அவர் காலமாகிவிட்டார். மகளின் காலேஜ் ஃபீஸுக்காக மனைவி லென்ஸை விற்கிறார். 'லேசான கீறல்கள் உண்டு' என்று விளம்பரம் போட்டிருந்தார். அண்ணாச்சிக்கு அது போதாதா?

டார்ச் அடித்துப் பார்த்தார். கண்ணாடி சுத்தம். முகமெல்லாம் பல்லாக, லென்ஸின் முன்னால் வெயில் படாமலிருக்க மாட்டியிருந்த ரப்பர் வளையத்தைத் தடவியவர், சட்டென்று நிறுத்தினார்.

"இது என்ன தங்கச்சி, எலி கடிச்சிருக்கா?"

"எலி இல்ல அண்ணாச்சி. இந்தா நிக்காளே, இவதான். பல்லு முளைக்கையில அவுக மடியில உக்காந்து கடிச்சது. கடைசி வரைக்கும் அவுக அதை மாத்தவே விடல. எம்பிள்ள போட்ட கையெழுத்துன்னு சொல்லுவாக."

கதவோரம் நின்ற மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். விளம்பரம் போட்டதிலிருந்து அவள் அம்மாவோடு பேசுவதில்லையாம்.

"ஃபீஸ் கட்ட வேற வழி தெரியல" என்றார் அந்த அம்மா, எங்களிடம் சொல்வதுபோல மகளிடம்.

பம்பருக்கு ஒரு மணி நேரம் பேசுகிற அண்ணாச்சி, வளையத்தை மெல்லத் திருகிக் கழற்றி, அந்தப் பெண்ணிடம் நீட்டினார்.

"இந்தா பிள்ள, இதை நீ வச்சுக்கோ. எனக்கு லென்ஸ் மட்டும் போதும்."

அம்மா பதறிவிட்டார். "அது இல்லைன்னா விலை குறையுமே அண்ணாச்சி. வெயில்ல எப்படிப் படம் எடுப்பிய?"

"குத்தாலத்துல எங்கன வெயில் அடிக்கு? நீ சொன்ன விலையே இருக்கட்டும்."

பெண் வளையத்தை வாங்கி, பல் பதிந்த இடத்தை விரலால் தடவினாள்.

"ஏம்மா, நானா இம்புட்டுக் கடிச்சேன்?"

"சோத்தைத் தவிர எல்லாத்தையும் கடிச்ச" என்று சொல்லிச் சிரித்த அம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் வழியாகச் சாரல் சுளீரென்று அடித்தது. ஷட்டர் இறங்க மறுத்தது. அண்ணாச்சி தோளில் கிடந்த துண்டால் லென்ஸைச் சுற்றி மடியில் அணைத்துக்கொண்டார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"தலையைத் துவட்டுங்க அண்ணாச்சி, சளி பிடிக்கும்."

"துண்டு இதுக்குல்லாலே வேணும்?"

என் கைக்குட்டையை எடுத்து நானே அவர் தலையைத் துவட்டிவிட்டேன். பஸ்ஸில் எல்லாரும் எங்களையே பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும்.