பண்ருட்டி ரோடு எந்தப் பக்கம்?

யாராவது வண்டியை நிறுத்தி என்னிடம் வழி கேட்டால் இன்றைக்கும் பக்கத்தில் நிற்பவரைக் கைகாட்டிவிடுவேன். நாற்பதைத் தாண்டியவளுக்கு வழி சொல்லத் தெரியாதா என்று நினைக்காதீர்கள். அட்சர சுத்தமாகச் சொல்வேன். பதினோரு வயதில் அப்படிச் சொல்லித்தான் என் அக்காவின் வாழ்க்கையை அந்தரத்தில் தொங்கவிட்டேன்.

நெய்வேலி டவுன்ஷிப்பில் எங்கள் தெருவில் எதிரும் புதிருமாகப் பன்னிரண்டு குவார்ட்டர்ஸ். ஒரு வீட்டில் மிளகாய் தாளித்தால் மூன்றாவது வீட்டில் தும்முவார்கள். ஆளுக்கொரு மாவட்டம், ஆளுக்கொரு பேச்சு. எல்லோருக்கும் பொதுவானது ஷிப்ட் மட்டும்தான். நைட் ஷிப்ட் முடித்து வந்தவர் பகலில் தூங்கினால், அந்த வீட்டுக் கேட்டில் ஒரு சிவப்புத் துண்டு தொங்கும். அதைப் பார்த்தால் கீரைக்காரம்மா வாயை மூடிக்கொண்டு நடப்பார். பையன்கள் பந்தைத் தூக்கிக்கொண்டு தெருக்கோடிக்குப் போவார்கள். யாரும் அந்தக் கேட்டைத் தொட மாட்டார்கள். (எதிர் வீட்டு ஸ்டெல்லா அக்கா மட்டும் "உஷ்ஷ்ஷ்!" என்று எல்லோரையும் அதட்டுவார். பாதிப் பேர் அந்த உஷ்ஷில்தான் விழித்துக்கொள்வார்கள்.) இதை ஆரம்பித்து வைத்தது என் அப்பாதான் என்பது அம்மாவின் கட்சி. தன் வீட்டுக்காரர்தான் என்பது ஸ்டெல்லா அக்காவின் கட்சி. அந்த வழக்கு இன்னும் முடியவில்லை.

அப்போது என் அக்கா கஸ்தூரிக்கு இரண்டு வரன்கள் வந்து தட்டிப் போயிருந்தன. இரண்டு முறையும் தெருவே கூடி பஜ்ஜி சுட்டது. வந்தவர்களும் ஒன்று விடாமல் தின்றுவிட்டு, "ஊருக்குப் போய் லெட்டர் போடறோம்" என்று போனார்கள். ஒரு லெட்டரும் வரவில்லை. எல்லாம் தெருக் கண்ணு என்று அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டார். அதனால் நெல்லிக்குப்பத்திலிருந்து மூன்றாவது வரன் வந்தபோது ஈ காக்கைக்குக்கூடத் தெரியக் கூடாது என்று உத்தரவு.

இந்த மாப்பிள்ளையை அக்காவுக்குப் பிடித்திருந்தது. போட்டோவை டைப்ரைட்டிங் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்திருந்தாள். அந்த வாரம் அவள் டைப் அடித்ததைவிடப் புத்தகத்தைப் பிரித்ததுதான் அதிகம். நானும் திருட்டுத்தனமாகப் பார்த்தேன். முகத்துக்கு முன்னால் காது வந்து நின்றது. அவ்வளவு பெரிய காது.

"இதுவும் தட்டிப் போச்சுன்னா இனிமே யார் முன்னாடியும் காபித் தட்டோட போய் நிக்க மாட்டேன்டி" என்று என்னிடம் மட்டும் சொன்னாள். சிரிக்காமல் சொன்னாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு லீவு. எனக்கு இரண்டு வேலைகள். ஒன்று, தெருவில் யாரும் எங்கள் வீட்டுக்குள் வராமல் பார்த்துக்கொள்வது. இரண்டு, பஸ்ஸில் வரும் மாப்பிள்ளை வீட்டாரை ஸ்டாப்பிலிருந்து பின்சந்து வழியாகக் கூட்டி வருவது.

முதல் வேலையே சந்தி சிரித்தது. கறிவேப்பிலை கேட்டு ஸ்டெல்லா அக்கா வந்து மூக்கை உறிஞ்சினார்.

"நெய் மணக்குதே, என்ன விசேஷம்ட்டி?"

"எனக்கு வயித்து வலி" என்றேன்.

"வயித்து வலிக்குக் கேசரியா?"

அவர் போனதும் அம்மா என் தொடையில் கிள்ளிய கிள்ளில் நிஜமாகவே வலி வந்துவிட்டது. இன்னும் பத்து வீட்டிலிருந்தும் ஆள் வருமே, நான் எத்தனை பொய் சொல்ல முடியும்? அப்போதுதான் கொடியில் காய்ந்துகொண்டிருந்த அப்பாவின் சிவப்புத் துண்டு கண்ணில் பட்டது. எடுத்துப் போய் வாசல் கேட்டில் தொங்கவிட்டேன். (அறிவுக்கொழுந்து!) அதற்குப் பிறகு ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. என்னை நானே மெச்சிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்குப் போனேன்.

முதல் பஸ்ஸில் யாரும் வரவில்லை. இரண்டாவதில் ஒரு பெரியவர் தோளில் மூட்டையோடு இறங்கினார். பதற்றத்தில் அவரிடமே கேட்டுவிட்டேன்.

"பொண்ணு பாக்க வந்தீங்களா?"

"பலாப்பழம் விக்க வந்தேன் பாப்பா" என்றார்.

மூன்றாவது பஸ்ஸும் போனது. நான் பாவாடையில் பாதியை முறுக்கிக் கசக்கிவிட்டிருந்தேன். அந்த நேரம் எங்கள் தெருப் பக்கமிருந்து ஒரு வேன் வந்து என் எதிரில் நின்றது. டிரைவர் பக்கத்தில் இருந்தவர் தலையை நீட்டினார்.

"பாப்பா, பண்ருட்டி ரோடு எந்தப் பக்கம்?"

பஸ்ஸை மட்டுமே எதிர்பார்த்து நின்ற எனக்கு வேனைப் பார்த்து எதுவும் தோன்றவில்லை. "நேரா போங்க, ரவுண்டானாவுல திரும்புங்க, ஆர்ச் கேட் வரும், அங்கேர்ந்து நேர் ரோடுதான்" என்று கையை வீசி வீசிச் சொன்னேன். பின் சீட்டில் மடியில் பூவும் பழமும் வைத்திருந்த ஒரு அம்மா, "வரச் சொல்லிட்டுத் தூங்கிகினு இருக்காங்களாம்! என்னா வூடுடா இது!" என்று கொதித்துக்கொண்டிருந்தார். பாவம், யார் வீட்டிலோ அவமானப்பட்டிருக்கிறார்கள் என்று இரக்கப்பட்டு டாட்டாகூடக் காட்டினேன்.

வேன் திரும்பும்போதுதான் உறைத்தது. அந்தக் காது. டைப்ரைட்டிங் புத்தகத்துக் காது!

ஓடினேன். வாசலில் ஸ்டெல்லா அக்கா அம்மாவிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஒரு வேன் நெறைய ஆளு வந்தாவ. அண்ணாச்சி தூங்குதாவ, பொறவு வாங்கன்னு மெதுவாச் சொல்லி அனுப்பிட்டேன். பாருங்க, ஒரு சத்தம் வரவிட்டேனா?"

"நான் எப்பம்மா தூங்குனேன்?" என்றார் அப்பா, அதுவரை அம்மாவோடு பின்வாசலில் வெள்ளைச் சட்டையோடு காத்திருந்தவர்.

எல்லோருடைய கண்ணும் கேட்டுக்குப் போனது. கேட்டிலிருந்து என்னிடம் வந்தது. "அடிப்பாவி!" என்று அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். உள்ளேயிருந்து அக்கா, "வேன் வந்து நின்ன சத்தம் கேட்டுச்சும்மா. திரும்பிப் போன சத்தமும் கேட்டுச்சு. பொண்ணு நானே எப்படி வந்து கதவத் தொறக்கறது?" என்றாள். பவுடர் பூசிய கன்னத்தில் கண்ணீர் இரண்டு கோடாக இறங்கியிருந்தது. பூமி பிளந்து என்னை விழுங்கிவிடக் கூடாதா என்றிருந்தது.

அதன் பிறகு ரகசியமாவது ஒன்றாவது. ஸ்டெல்லா அக்காவின் வீட்டுக்காரர் ஸ்கூட்டரை எடுத்தார். அப்பா கேட்டிலிருந்த துண்டை உருவிக்கொண்டு பின்னால் ஏறினார். ஆர்ச் கேட்டுக்குச் சற்று முன்னால் வேனைப் பிடித்து, துண்டை ஆட்டு ஆட்டென்று ஆட்டியிருக்கிறார். சிவப்பைப் பார்த்ததும் டிரைவர் பிரேக் போட்டுவிட்டார்.

அப்பா மூச்சு வாங்க நடந்ததைச் சொன்னதும் மாப்பிள்ளையின் அப்பா இறங்கி அவர் கையைப் பிடித்துக்கொண்டாராம். "நானும் சர்க்கரை மில்லுல ஷிப்ட் பாக்கறவன்தாங்க. தூங்கினு இருக்கறவர எழுப்பிப் பொண்ண காட்டுங்கன்னு கேக்க மனசு வரல. நான்தான் போலாம்னு சொன்னேன்."

வேன் திரும்பி வந்தபோது தெரு முழுக்க எங்கள் வீட்டில் இருந்தது. மாப்பிள்ளையின் அம்மா மட்டும் முகத்தை உம்மென்று வைத்திருந்தார். அக்கா காபித் தட்டோடு வந்தாள். அப்போது மாப்பிள்ளை என் பக்கம் திரும்பி, "வழி ரொம்ப நல்லா சொன்ன பாப்பா" என்றார். அக்காவுக்குச் சிரிப்புப் பீறிட்டுத் தட்டில் பாதிக் காபி கொட்டியது. மாமியாரும் சிரித்துவிட்டார். லெட்டரெல்லாம் வேண்டியிருக்கவில்லை, அங்கேயே பூ வைத்துவிட்டார்கள்.

கல்யாணத்தில் ஸ்டெல்லா அக்கா கொடுத்த பார்சலில் ஒரு சிவப்புத் துண்டு இருந்தது. இன்றும் நான் நெல்லிக்குப்பம் போனால் மாமா வாசலிலேயே, "பாப்பா, பண்ருட்டி ரோடு எந்தப் பக்கம்?" என்றுதான் வரவேற்பார். அப்பா ரிடையர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டோம். அந்தக் கேட் இப்போது வேறு யாருடையதோ.

போன மாதம் அக்கா மகனுக்குப் பெண் பார்க்கப் பண்ருட்டிக்கு வேனில் போனோம். டிரைவர் என் பக்கம் திரும்பி வழி கேட்கப் பார்த்தார். "அவள மட்டும் கேக்காதீங்க!" என்று வேனே அலறியது. ஒருவழியாகப் பெண் வீட்டின் முன் போய் நின்றோம்.

கேட்டில் ஒரு சிவப்புத் துண்டு காய்ந்துகொண்டிருந்தது.

ஒருவரும் இறங்கவில்லை. மாமா, மாப்பிள்ளைப் பையன், எல்லோரும் மெதுவாகத் திரும்பி என்னையே பார்த்தார்கள். "சத்தியமா இது நான் இல்ல" என்றேன்.

அக்காதான் கதவைத் திறந்துகொண்டு முதலில் இறங்கினாள். "உள்ள ஒருத்தி கதவுக்குப் பின்னாடி நின்னுகினு இருப்பா. யார் தூங்கினாலும் எழுந்துக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி அந்தக் கேட்டைத் தட்டினாள்.