வலி நூறு அடிக்குள் வர வேண்டும்

எங்கள் குடிநீர் அலுவலகத்தில் வலிக்குக்கூட விதி உண்டு. நடக்க முடியாத ஊழியர், தன்னால் நடக்க முடியாது என்பதை மூன்று பேர் குழுவின் முன் நடந்து காட்ட வேண்டும். குழுவில் நானும் ஒருவன். எழுதுவது என் வேலை. யோசிப்பது என் வேலையில்லை.

அன்று வந்தவர், வீடுவீடாக மீட்டர் கணக்கெடுக்கும் அக்கா. எப்போதோ தொடையில் ரத்தம் உறைந்து, பெரிய ரத்தக்குழாய் அடைத்துவிட்டது.

"காலுக்கு இறங்குற ரத்தம் மேல ஏற வழியில்ல சார். ரெண்டு தெரு நடந்தா தொடை வெடிக்கிற மாதிரி விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. காலைத் தூக்கி வச்சுப் படுத்தாத்தான் அடங்குது. ஒரு நாற்காலி வேலை குடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

மேலே போன கோப்பு கீழே வராத அலுவலகம் எங்களுடையது. கீழே போன ரத்தம் மேலே வராததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"தாழ்வாரத்துல நடங்கம்மா" என்றார் அதிகாரி.

தாழ்வாரம் சரியாக நூறு அடி. அக்கா நடந்து முடித்தார்.

"வலிக்குதா?"

"இன்னும் இல்ல சார். முந்நூறு அடியாவது தாண்டணும்."

"இருக்கிறதே நூறு அடிதானே?"

"திரும்பி நடக்கிறேன்."

"அது வேற நடை. அதுக்கு வேற மனு குடுக்கணும்."

"அப்போ தெருவுக்கு வந்து பாருங்களேன்!"

"குழு வெயில்ல வராதும்மா."

'மனுதாரரின் வலி அலுவலக எல்லைக்கு அப்பாற்பட்டது' என்று எழுதினேன். எனக்கே பாவமாகத்தான் இருந்தது. ஆனால் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டதே, கையெழுத்தைப் போட்டேன்.

அதோடு விட்டாரா அதிகாரி? அவருக்கு அப்போது நடைப் பைத்தியம் பிடித்திருந்தது. ஸ்டெப் எண்ணும் கைக்கடிகாரம் எல்லோருக்கும் வந்தது. தினம் பத்தாயிரம் ஸ்டெப் நடந்தால் எந்த அடைப்பும் திறந்துவிடும், குறைந்தால் எழுத்துமூலம் விளக்கம் தர வேண்டும் என்று சுற்றறிக்கையும் வந்தது.

முதல் வாரம் அக்கா நடந்தார். நான்காவது தெருவில், ஒரு வீட்டு வாசலில் காலைச் சுவரில் தூக்கி வைத்து மல்லாந்து கிடந்தவரைப் பார்த்து அந்த வீட்டுக்காரர்கள் அலறிவிட்டார்கள். இரண்டாம் வாரம் கடிகாரத்தைக் கழற்றி, தச்சு வேலை செய்யும் தன் வீட்டுக்காரர் கையில் கட்டிவிட்டார். மனிதர் நாள் முழுக்க மரம் இழைப்பவர். தினம் இருபதாயிரம்! மீட்டர் கணக்கை அக்கா படுத்தபடியே, போன மாதத்தைப் பார்த்து எழுதினார். வழக்கமாக வரும் புகார்கூட அந்த மாதம் வரவில்லை.

மாதக் கடைசியில் விழா. முதல் பரிசு அக்காவுக்கு. இரண்டாம் பரிசு அதிகாரிக்கு. அவர் கடிகாரம் வீட்டு நாயின் கழுத்தில் இருந்தது ஊரறிந்த ரகசியம். மூன்றாம் பரிசு எனக்கு. என் மகள் நன்றாக ஸ்கிப்பிங் ஆடுவாள்.

"நாற்காலி கேட்டவங்க இவங்க!" என்று பூரித்தார் அதிகாரி. "இனிமே பக்கத்து வார்டும் இவங்களுக்கே!"

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஐயோ சார், நிஜமாவே என்னால முடியாது."

"கடிகாரம் பொய் சொல்லுமா?" என்று அதிகாரி எங்களைக் கேட்டார்.

முப்பது பேர் இருந்தோம். யார் வாயைத் திறப்பது? பலமாகக் கைதட்டினோம். விழாவுக்காக அன்று ஒருநாள் எல்லோரும் கடிகாரத்தைக் கட்டி வந்திருந்தோம். தட்டத் தட்ட, ஸ்டெப் ஏறிக்கொண்டே போனது.